ஆன்டிபயாடிக் ஃப்ளோட்டிங் டேப்லெட் சொதப்புதா? அறிகுறிய வச்சு காரணத்த பிடிங்க

எம்.ஃபார்ம் ப்ராஜெக்ட்டுக்கோ கம்பெனி ஆர் அண்ட் டி-லயோ வயித்துல தங்கி மெதுவா மருந்து விடற ஆன்டிபயாடிக் டேப்லெட் பண்றவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பிரச்சனைலதான் மாட்டறாங்க. மிதக்கல, உடையுது, மொத்தமும் ஒரே நேரத்துல வெளிய வந்துடுது, இல்லன்னா எல்லாம் அருமையா வந்து கடைசில ரத்தத்துல லெவல் வரல. எதாவது தப்பானா உடனே பாலிமர் கிரேட மாத்தறது, சோடா பைகார்ப் கூட்டறதுன்னு போயிடறாங்க, ஏன் தப்பாச்சுன்னு பாக்கறதில்ல. அதனால இத அறிகுறி வாரியா எழுதறேன், உங்களுக்கு எது நடக்குதோ அந்த பகுதிக்கு நேரா போய்க்கலாம்.

பேசறதுக்கு வசதியா ஒரு ஃபார்முலாவ கைல வச்சுக்கலாம். அமாக்ஸிசிலின் 500 மி.கி. வேணும்னா ட்ரைஹைட்ரேட்டா சுமார் 574 மி.கி. எடுக்கணும் (இத மறந்து 500-ஏ எடுத்துட்டு அஸ்ஸே (டேப்லெட்ல மருந்து எவ்வளவு இருக்குன்ற சோதனை) குறையுதுன்னு தேடறவங்க நிறைய பேர்). அதோட எச்பிஎம்சி கே4எம் (தண்ணி பட்டா வீங்கி ஜெல்லாகற பாலிமர்) 200, சோடியம் பைகார்பனேட் 120, நீர் இல்லாத சிட்ரிக் ஆசிட் 30, மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸ் 60, மெக்னீசியம் ஸ்டியரேட் 8, டால்க் 8. மொத்தம் 1000 மி.கி. பைகார்பனேட் ஆசிட்டோட சேந்து கேஸ் வரும், எச்பிஎம்சி ஜெல்லாகி அத பிடிச்சு வைக்கும், அதனாலதான் டேப்லெட் மிதக்குது. இது அப்படியே காப்பி பண்றதுக்கான ஃபார்முலா இல்ல, கணக்கு போட்டு காட்டறதுக்கு மட்டும்தான்.

அறிகுறி 1: டேப்லெட் பீக்கர் அடிலயே கிடக்குது, இல்லன்னா மேல வர பத்து பதினஞ்சு நிமிஷம் ஆகுது

முதல்ல எல்லாரும் பண்றது பைகார்பனேட்ட கூட்டறது. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்கு போட்டு பாத்துடுங்க. 120 மி.கி. பைகார்பனேட்ன்னா சுமார் 1.43 மில்லிமோல், அது முழுசா ஆசிட்டோட சேந்தா 37 டிகிரில கிட்டத்தட்ட 36 மில்லி கார்பன் டை ஆக்சைடு வரும். நம்ம டேப்லெட் 1 கிராம், அடர்த்தி 1.25-ன்னு வச்சா கன அளவு 0.8 மில்லி. அது வயித்து திரவத்தோட அடர்த்திக்கு, அதாவது 1.004 பக்கம் இறங்கணும்னா இன்னும் 0.2 மில்லி உப்பினா போதும். 36 மில்லி உண்டாகற இடத்துல தேவை வெறும் 0.2 மில்லி! அப்ப கேஸ் பத்தாம இல்ல, உண்டாகற கேஸ பிடிச்சு வைக்க அந்த நேரத்துல ஜெல் ரெடியா இல்ல, இல்லன்னா தண்ணியே உள்ள போகல. பெரும்பாலான ஃப்ளோட்டிங் பிரச்சனைக்கு வேர் இதுதான்.

தண்ணி ஏன் உள்ள போகல? முதல் சந்தேகம் ஹார்ட்னஸ். ஃப்ரையபிலிட்டி (உரசல்ல உதிராம இருக்கான்னு பாக்கற டெஸ்ட்) பாஸ் ஆகணுமேன்னு 9, 10 கிலோ வரைக்கும் அழுத்தி எடுத்துடறாங்க, துளையெல்லாம் அடைச்சிடும். அதே கலவைய 4-5 கிலோல அடிச்சு பாருங்க, லேக் டைம் (மேல வர எடுக்கற நேரம்) சட்டுன்னு குறைஞ்சா காரணம் கிடைச்சாச்சு, வேற எதையும் தொட வேணாம். அடுத்தது மெக்னீசியம் ஸ்டியரேட், அத அளவா போட்டிருந்தாலும் கலக்கற நேரம் அதிகமானா ஒவ்வொரு துகள் மேலயும் கொழுப்பு படலம் மாதிரி படிஞ்சு தண்ணிய தள்ளும். கடைசில போட்டு ரெண்டு மூணு நிமிஷம் கலக்கினா போதும். மூணாவது பைகார்பனேட்டோட துகள் அளவு, பெரிய துகளா இருந்தா அங்கங்க பெரிய குமிழி வந்து ஜெல்ல கிழிச்சுட்டு ஓடிடும், நல்லா சலிச்சு போட்டா சின்ன சின்ன குமிழியா உள்ளயே மாட்டிக்கும்.

வெட் கிரானுலேஷன் (பொடிய ஈரமாக்கி குருணையா ஆக்கி காய வைக்கறது) பண்றவங்க இதையும் பாக்கணும். பைகார்பனேட்ட உள்ள சேத்து கிரானுல் போட்டு 60 டிகிரி ட்ரே ட்ரையர்ல வச்சீங்கன்னா அது அங்கயே சிதைய ஆரம்பிச்சிடும், 50 டிகிரிக்கு மேலயே கார்பன் டை ஆக்சைடு போக ஆரம்பிக்குது. டேப்லெட்டுக்குள்ள வெறும் சோடியம் கார்பனேட்தான் மிச்சம் இருக்கும், பிஎச் ஏறும், கேஸ் பாதிதான் வரும். அதனால பைகார்பனேட்டும் சிட்ரிக் ஆசிட்டும் எப்பவும் கிரானுலுக்கு வெளிய, கம்ப்ரஷனுக்கு முன்னாடி.

அறிகுறி 2: 0.1 நார்மல் எச்சிஎல்-ல (வயித்து ஆசிட்டுக்கு பதிலா லேப்ல எடுக்கற ஹைட்ரோகுளோரிக் ஆசிட்) அருமையா மிதக்குது, பிஎச் 4.5 பஃபர்ல மூழ்குது

இத நிறைய பேர் டெஸ்ட்டே பண்றதில்ல, பண்ணினவங்களும் ரிப்போர்ட்ல போடறதில்ல. எனக்கு இந்த விஷயத்துலதான் ரொம்ப ஆதங்கம். ஏன்னா அமாக்ஸிசிலினையும் க்ளாரித்ரோமைசினையும் வயித்துல தங்க வைக்கறதுக்கு சொல்ற முக்கிய காரணமே ஹெலிகோபாக்டர் பைலோரின்ற வயித்து பாக்டீரியா. அந்த நோயாளிக்கு ஒமிப்ரசோல், பான்டோப்ரசோல்ன்னு ஆசிட்ட குறைக்கற மருந்து எதாவது ஒண்ணு கூடவே போகும், அது இல்லாம அந்த ட்ரீட்மென்ட்டே கிடையாது. அப்ப அவர் வயித்துல ஆசிட் எங்க இருக்கு? பிஎச் 4, 5, சில நேரம் அதுக்கும் மேல. சாப்பாட்டுக்கு அப்புறம் போட சொன்னா சாப்பாடே கொஞ்ச நேரத்துக்கு பிஎச்ச ஏத்திடும். வயித்து ஆசிட்ட நம்பி மட்டும் மிதக்கற டேப்லெட் யாருக்காக செய்யறோமோ அவருக்கு மிதக்காது.

வழி டேப்லெட்டுக்குள்ளயே இருக்கணும். நம்ம ஃபார்முலால 30 மி.கி. சிட்ரிக் ஆசிட் தன்னால 12 மில்லி பக்கம் கேஸ் தர முடியும், தேவை 0.2 மில்லிதான்னு மேலயே பாத்தோம், ஆக ஜெல் பிடிச்சு வச்சா இது தாராளம். சிட்ரிக்கே வேணும்னு இல்ல, டார்டாரிக் ஆசிட் கூட ஓகே. ஃப்ளோட்டிங் டெஸ்ட்ட குறைஞ்சது மூணு மீடியத்துல பண்ணுங்க: 0.1 நார்மல் எச்சிஎல், பிஎச் 3, பிஎச் 4.5. நாலாவதா சும்மா தண்ணி. தண்ணிலயே மிதந்தா நிம்மதி.

அறிகுறி 3: நல்லா மேல வருது, அப்புறம் உடைஞ்சு துண்டு துண்டா போகுது

முதல் அரை மணி நேரத்துல உடைஞ்சா கேஸ் அழுத்தம், அதாவது பைகார்பனேட் அதிகம், இல்லன்னா பாலிமர் கம்மி. டேப்லெட் எடைல 15-20 சதவீதத்துக்கு மேல பைகார்பனேட் போட்டவங்க முதல்ல அத இறக்குங்க. ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு உடைஞ்சா ஃபில்லர பாருங்க, மைக்ரோகிரிஸ்டலைன் செல்லுலோஸும் ஸ்டார்ச்சும் தண்ணிய இழுத்து உள்ள இருந்தே பிரிச்சு விடும், லாக்டோஸ் கரைஞ்சு போய் ஓட்டை போடும். ஃபில்லர மாத்தறேன்னு டைகால்சியம் பாஸ்பேட் போட்டுடாதீங்க, அது ரொம்ப கனம், மிதக்க வைக்க கஷ்டப்படுவீங்க, அதுல கால்சியம் வேற இருக்கு. சிப்ரோஃப்ளாக்ஸசின் பண்றவங்களுக்கு அது ஏன் ஆகாதுன்னு கீழ வருது.

துண்டா உடையாம அஞ்சு ஆறு மணி நேரத்துல முழுசா கீழ இறங்கினா அது வேற கதை. கேஸ் போயிடுச்சு, அந்த இடத்த தண்ணி பிடிச்சிடுச்சு, அடர்த்தி மறுபடி 1-ஐ தாண்டிடுச்சு. கே4எம்-ல இருந்து இன்னும் கெட்டியா ஜெல்லாகற கிரேடான கே15எம், தேவைப்பட்டா கே100எம்-ஓட கலந்து பாருங்க, இல்லன்னா கொஞ்சம் சாந்தன் கம் சேத்து பாருங்க. கார்போபால்ன்ற இன்னொரு பாலிமர சேக்கறவங்க கவனிக்க வேண்டியது, அது ஆசிட்ல சரியா வீங்காது, பைகார்பனேட் பக்கத்துல இருந்தா அங்க மட்டும் வீங்கும், அதனால ஜெல் ஒரே சீரா இருக்காது. எச்பிஎம்சி-ய முக்கியமா வச்சு கார்போபால கொஞ்சமா வச்சா சரியா வரும்.

அறிகுறி 4: முதல் ஒரு மணி நேரத்துலயே 40, 50 சதவீதம் வெளிய வந்துடுது

சிப்ரோஃப்ளாக்ஸசின் ஹைட்ரோகுளோரைட்ல இது ரொம்ப சகஜம், ஆசிட்ல அது நல்லா கரையும், ஜெல் உருவாகறதுக்கு முன்னாடி மேல் பரப்புல இருக்கறது எல்லாம் ஓடிடும். எச்பிஎம்சி-ல நயமான துகள் கிரேட போடுங்க, சீக்கிரம் ஜெல் பிடிக்கும். அதுக்கும் அடங்கலன்னா மருந்த முதல்ல எத்தில் செல்லுலோஸ் இல்லன்னா யூட்ராஜிட் ஆர்எஸ் (ரெண்டும் தண்ணில கரையாத பாலிமர்) கரைசல்ல கிரானுல் போட்டு, அப்புறம் எச்பிஎம்சி-ல சேருங்க.

ஆனா ஒண்ணு, டோஸ் பெரிசா இருக்கற மருந்துக்கு பாலிமர ஏத்திட்டே போக முடியாது. 1 கிராம் சிப்ரோவுக்கு 30 சதவீதம் எச்பிஎம்சி, மத்ததெல்லாம் சேந்தா டேப்லெட் ஒண்ணரை கிராம் தாண்டிடும், யாரால முழுங்க முடியும்? ரான்பாக்சி இந்த சிக்கல எப்படி சமாளிச்சாங்கன்னு அவங்க பேட்டன்ட்ட எடுத்து படிங்க, ஒரு நாளைக்கு ஒரு வேளை சிப்ரோவுக்காக எழுதினது. அதுல எச்பிஎம்சி மலை மாதிரி இல்ல, சோடியம் அல்ஜினேட்டும் சாந்தன் கம்மும் கொஞ்சமே கொஞ்சம், கேஸுக்கு பைகார்பனேட், வீங்கறதுக்கு க்ராஸ்லிங்க்டு பிவிபி, மருந்துதான் டேப்லெட்டோட பெரும்பங்கு. வேகமா வீங்கற பொருளும் ஜெல்லாகற பொருளும் கேஸும் ஒண்ணுக்கொண்ணு கை கொடுத்தா கம்மி பாலிமர்லயே வேலை ஆகும். நம்ம ஊர் ஆளுங்க பண்ணின வேலை, படிக்கவே சந்தோஷமா இருக்கும்.

இன்னொரு கேள்வியும் கேட்டுக்கோங்க, அந்த வேகமான ஆரம்ப ரிலீஸ் உண்மைலயே தப்பா? சிப்ரோ மாதிரி மருந்துக்கு உச்ச லெவலும் மொத்த அளவும் எம்ஐசி-ய (கிருமி வளராம தடுக்க தேவையான குறைஞ்சபட்ச செறிவு) விட எவ்வளவு மேல போகுதுன்றதுதான் கிருமிய கொல்லுது. பேயரோட சிப்ரோ எக்ஸ்ஆர்-ல டோஸ்ல சுமார் 35 சதவீதம் உடனே வெளிய வர மாதிரியும் மிச்சம் 65 சதவீதம் மெதுவா வர மாதிரியும் வேணும்னேதான் பண்ணாங்க (அது வயித்துல தங்கற வகை இல்ல). ஆனா அமாக்ஸிசிலின் மாதிரி பீட்டா லாக்டம்ல கதை வேற, அங்க எம்ஐசி-க்கு மேல எவ்வளவு நேரம் நிக்குதுன்றதுதான் கணக்கு. அதனால கோடு நேரா இருக்கணும்ன்ற ஆசை அமாக்ஸிசிலினுக்கு பொருந்தும், சிப்ரோவுக்கு அப்படியே பொருந்தாது. ஜீரோ ஆர்டர் (ஒரே சீரான வேகத்துல ரிலீஸ்) வந்துடுச்சுன்னு குதிக்கறதுக்கு முன்னாடி உங்க மருந்து எந்த வகைன்னு பாத்துடுங்க.

அறிகுறி 5: ரிலீஸ் 70 சதவீதத்துல நின்னு போச்சு

இங்க மருந்து வாரியா பிரிச்சுதான் பாக்கணும்.

சிப்ரோன்னா பைகார்பனேட்டயே சந்தேகப்படுங்க. சிப்ரோ ஆசிட்ல கரையும், நடுநிலை பிஎச் பக்கம் வந்தா கரையறது ரொம்பவே குறைஞ்சிடும். வெளிய மீடியம் ஆசிட்தான், ஆனா ஜெல்லுக்குள்ள பைகார்பனேட் இருக்கற இடத்துல பிஎச் ஏறி மருந்து அங்கயே படிவா உக்காந்துடும். டிஸல்யூஷன் (மருந்து வெளிய வர வேகத்த பாக்கற டெஸ்ட்) முடிஞ்சதும் மிச்ச டேப்லெட்ட எடுத்து குறுக்க வெட்டி ஒரு சொட்டு யூனிவர்சல் இண்டிகேட்டர் விட்டு பாருங்க, நடுல என்ன நிறம் வருதுன்னு கண்ணாலயே தெரியும். பச்சை பக்கம் போனா பைகார்பனேட்ட குறைச்சு சிட்ரிக் ஆசிட்ட ஏத்துங்க.

க்ளாரித்ரோமைசினுக்கு இதே விஷயம் தலைகீழ். அதுக்கு ஆசிட்தான் எமன், பிஎச் 2-ல அதோட அரை ஆயுள் சுமார் 1 மணி நேரம்தான். ஜெல்லுக்குள்ள பிஎச் கொஞ்சம் ஏறி இருக்கறது உள்ள இருக்கற மருந்துக்கு பாதுகாப்பு. ஆனா வெளிய வந்தது டிஸல்யூஷன் பாத்திரத்துல செத்துட்டே இருக்கும், அதனால 0.1 நார்மல் எச்சிஎல்-ல 12 மணி நேரம் ஓட்டின க்ளாரித்ரோமைசின் ப்ரொஃபைலுக்கு அர்த்தமே இல்ல. பிஎச் 5 அசிடேட் பஃபர்ல ஓட்டுங்க.

அமாக்ஸிசிலின்லதான் பெரிய பொறி, இத கொஞ்சம் நிதானமா படிங்க. அது ஆசிட்ட ஓரளவு தாங்கும், பிஎச் 2-ல அரை ஆயுள் 15 மணி நேரம் பக்கம். ஆனா 12 மணி நேர டிஸல்யூஷன்ல முதல் மணி நேரத்துல வெளிய வந்த மருந்துல கடைசி சாம்பிள் எடுக்கும்போது கிட்டத்தட்ட 60 சதவீதம்தான் உயிரோட இருக்கும், 0.1 நார்மல் எச்சிஎல்-ல பிஎச் இன்னும் கீழ, அப்ப நிலைமை இன்னும் மோசம். அதனால எச்பிஎல்சி-ல (பொருள்கள தனித்தனியா பிரிச்சு அளக்கற கருவி) பாக்கறவங்களுக்கு கோடு 70-ல நிக்கற மாதிரியோ கீழ இறங்கற மாதிரியோ தெரியும், ரிலீஸ் நிக்கல, மருந்துதான் சிதையுது. யூவி ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுதுன்னு மட்டும் 272 நானோமீட்டர்ல பாக்கறவங்களுக்கு அழகா 99 சதவீதம் வரும், ஏன்னா அந்த அலைநீளத்துல உறிஞ்சறது ஃபீனால் வளையம், பீட்டா லாக்டம் வளையம் உடைஞ்சாலும் ஃபீனால் அப்படியே இருக்கும். செத்த மருந்தும் உயிரோட இருக்கற மருந்தும் யூவி-க்கு ஒண்ணுதான்! 12 மணி நேரம் 99 சதவீதம்னு வர யூவி கிராஃப பாத்தா நான் முதல்ல கேக்கறது, அதே செறிவுல சும்மா மருந்து கரைசல 37 டிகிரில 12 மணி நேரம் வச்சு எச்பிஎல்சி-ல போட்டு பாத்தீங்களான்னுதான். அந்த ஒரு கன்ட்ரோல் ரன் இல்லாம அமாக்ஸிசிலின் டேட்டாவ நம்பாதீங்க.

அறிகுறி 6: ஆறு பாத்திரத்துல ஆறு விதமா ரிசல்ட் வருது

கலவை சரியில்லைன்னு முடிவுக்கு வரதுக்கு முன்னாடி டெஸ்ட் ஓடும்போது பாத்திரத்த எட்டி பாருங்க. யுஎஸ்பி டைப் 2 பேடில்ல (துடுப்பு சுத்தி கலக்கற டிஸல்யூஷன் கருவி) மிதக்கற டேப்லெட் தண்ணி மேல பாதி வெளிய நீட்டிட்டு இருக்கும், ஒண்ணு ஷாஃப்ட்ல ஒட்டிக்கும், ஒண்ணு சுவத்துல ஒட்டிக்கும், ஒண்ணு சுத்திட்டே இருக்கும். நனையற பரப்பு ஒவ்வொண்ணுக்கும் வேற, ரிலீஸும் வேறதான் வரும். டேப்லெட்ட மூழ்க வைக்கற சுருள் கம்பி சிங்கர் போட்டா முழுசா மூழ்கும், ஆனா கம்பி இறுக்கமா இருந்தா வீங்க விடாது, அதனால வீங்கினதுக்கு அப்புறம் உள்ள அளவுக்கு இடம் விட்டு சுருள செய்யணும். சிங்கரோடயும் இல்லாமயும் ரெண்டு விதமாவும் ஓட்டி பாத்து எத எடுத்தீங்கன்னு மெத்தட்ல தெளிவா எழுதுங்க. சாம்பிள் ஃபில்டர்ல எச்பிஎம்சி ஜெல் அடைச்சுக்கறதும் உண்டு, முதல் சில மில்லிய கொட்டிட்டு அடுத்தத எடுங்க.

கர்வ் ஃபிட்டிங் பத்தி ஒரே ஒரு வார்த்தை. மருந்து எந்த முறைல வெளிய வருதுன்னு கணிக்கற கோர்ஸ்மேயர் பெப்பாஸ் ஈக்வேஷன்ல முதல் 60 சதவீத ரிலீஸ் வரைக்கும் உள்ள புள்ளிகள மட்டும்தான் போடணும், 100 வரைக்கும் போட்டு வர 'என்' மதிப்புக்கு பொருளே இல்ல.

அறிகுறி 7: மூணு மாசம் ஸ்டெபிலிட்டில வச்சதும் லேக் டைம் ஏறுது, ஸ்ட்ரிப் உப்புது, டேப்லெட் மஞ்சளாகுது

பைகார்பனேட்டும் சிட்ரிக் ஆசிட்டும் சேந்தா கேஸ் மட்டுமில்ல, தண்ணியும் வரும். அந்த தண்ணி பக்கத்துல இருக்கறத கரைச்சு அடுத்த ரியாக்ஷன கிளப்பும், அதுல இருந்து இன்னும் தண்ணி. ஒரு துளி ஈரம் போதும், சங்கிலி மாதிரி போயிட்டே இருக்கும். சென்னைலயும் கடலோர ஊர்லயும் ஐப்பசி கார்த்திகைல அடிக்கற டேப்லெட்டும் சித்திரைல அடிக்கற டேப்லெட்டும் ஒண்ணா இருக்காது, டீஹ்யூமிடிஃபையர் இல்லாத ரூம்ல எஃபர்வெசென்ட் கம்ப்ரஷன் வேணாம். ஈரப்பதம் 40 சதவீதத்துக்கு கீழ இருக்கணும், இன்னும் குறைஞ்சா நல்லது. அடிச்சதும் அலு அலு பேக் (ரெண்டு பக்கமும் அலுமினியம்), சாதா பிவிசி ப்ளிஸ்டர்ல ஸ்டெபிலிட்டி டெஸ்ட்டோட 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் தாங்காது.

அமாக்ஸிசிலின் ட்ரைஹைட்ரேட்ல படிக நீரே 13 சதவீதம் பக்கம் இருக்கு. ஈரத்துக்கு பயந்து கிரானுல ஓவரா காய வச்சா அந்த படிக நீரும் போய் மருந்து சிதைய ஆரம்பிக்கும், மஞ்சளாகறது பெரும்பாலும் இதனாலதான். தண்ணி ஊத்தி கிரானுல் போட்டு அப்புறம் காய வைக்கற வேலையே வேணாம், ஸ்லக்கிங் இல்லன்னா ரோலர் காம்பாக்ஷன்ல (தண்ணி இல்லாம அழுத்தியே கிரானுல் ஆக்கற முறைங்க) போயிடுங்க. அப்புறம் பென்சிலின் வகை மருந்த மத்த மருந்து பண்ற அதே மெஷின்ல, அதே ரூம்ல பண்ணக்கூடாது. தூசிலயே அலர்ஜி வர ஆளுங்க இருக்காங்க, இண்டஸ்ட்ரில இதுக்குன்னே தனி கட்டடம் வைக்கறாங்க. காலேஜ் லேப்ல இத யாரும் சட்டை பண்றதில்ல, பண்ணணும்.

அறிகுறி 8: லேப்ல எல்லாம் பாஸ், ஆனா உடம்புல வேலை செய்யல

பீக்கர்ல 12 மணி நேரம் மிதந்ததுன்றதுக்கும் வயித்துல 12 மணி நேரம் இருந்ததுன்றதுக்கும் சம்பந்தம் ரொம்ப கம்மி. பீக்கர் சுருங்கி விரியாது. வெறும் வயித்துல ஒன்றரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு பெரிய அலை வந்து, விசேஷம் முடிஞ்ச மண்டபத்த கழுவி விடற மாதிரி எல்லாத்தையும் கீழ தள்ளிடும். அந்த நேரத்துல பைலோரஸ் (வயித்துல இருந்து குடலுக்கு போற வாசல்) நல்லா திறந்து கொடுக்கும், 12-13 மி.மீ. சைஸ் தாண்டின டேப்லெட் கூட போயிடலாம். மிதக்கறதுக்கே தண்ணி வேணும், வெறும் வயித்துல இருக்கற திரவம் 50 மில்லி கூட இருக்காது பல பேருக்கு. அதனால இந்த வகை டேப்லெட்ட சாப்பாட்டோடதான் கொடுக்கணும், சாப்பாடு இருக்கற வரைக்கும் அந்த அலை வராது. டெபோமெட் கம்பெனியோட ப்ரோக்வின் எக்ஸ்ஆர், 2005-ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ ஓகே பண்ணின வீங்கற வகை சிப்ரோ 500 மி.கி., அதோட லேபிள்லயே முக்கியமான சாப்பாட்டோட, முடிஞ்சா ராத்திரி சாப்பாட்டோட போட சொல்லி இருந்தது. ஸ்டடி ப்ரோட்டோகால்ல வாலண்டியர்ங்கள ராத்திரி முழுக்க பட்டினி போட்டு காலைல கொடுத்துட்டு லெவல் வரலன்னா டேப்லெட் மேல பழி போடாதீங்க.

படுக்கறதும் முக்கியம். நிமிந்து இருக்கும்போது மிதக்கறது பைலோரஸ்ல இருந்து தள்ளி மேல நிக்கும், படுத்ததும் அந்த வசதி போயிடும். வெறும் மிதப்ப மட்டும் நம்பாம, வீங்கி பெரிசாகற தன்மையும் சேத்து வைக்கறதுக்கு காரணம் இதான். ஒட்டிக்கற பாலிமர் போட்டு சமாளிக்கலாம்னா, வயித்து சளிப்படலம் சில மணி நேரத்துல தானே புதுசா மாறிட்டே இருக்கு, ஒட்டினது சளியோட சேந்து கழண்டு போயிடும்.

முயல்ல எக்ஸ்ரே எடுத்து காட்டி வயித்துல தங்குதுன்னு எழுதறவங்களுக்கு, முயல் வயிறு காலியாகறதே இல்ல, தன் புழுக்கையயே தின்னற பிராணி அது. முயல்ல தங்கறது மனுஷனுக்கு எதையும் நிரூபிக்காது. எக்ஸ்ரேல தெரியணும்னு பேரியம் சல்பேட் போடும்போது அதோட அடர்த்தி 4.5-ன்றத மறக்காதீங்க, மருந்த எடுத்துட்டு அந்த இடத்துல பேரியம் போட்டா அது வேற டேப்லெட், மிதப்பயும் வீக்கத்தயும் மறுபடி லேப்ல பாத்துட்டுதான் பிராணிக்கே கொடுக்கணும்.

நல்லா தங்கினது எக்ஸ்ரேல, காமா சின்டிகிராஃபில (கதிரியக்க அடையாளம் வச்சு எடுக்கற படம்) தெரியுது, ஆனாலும் ரத்தத்துல லெவல் இல்லன்னா உறிஞ்சற இடத்துக்கு வாங்க. சிப்ரோ பண்றவங்க கேஸுக்கு கால்சியம் கார்பனேட் போட்டிருந்தா அங்கயே காரணம் கிடைச்சாச்சு. கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், இரும்பு எல்லாம் சிப்ரோவ கட்டிப் போட்டு உறிஞ்ச விடாது, பாலோட போடாதீங்கன்னு சொல்றதே அதனாலதான், அப்படி இருக்க கால்சியத்த டேப்லெட்டுக்குள்ளயே வச்சு மணிக்கணக்கா மருந்தோட கூடவே விடறது அத விட மோசம். கால்சியம் குளோரைடுல போட்டு எடுக்கற அல்ஜினேட் பீட்ஸுக்கும் இதே எச்சரிக்கை. லூப்ரிகன்ட்டா போடற 8 மி.கி. மெக்னீசியம் ஸ்டியரேட்டுக்கு பயப்பட தேவையில்ல.

கடைசியா, பல ப்ராஜெக்ட்ல எல்லாத்தயும் சரி பண்ணினாலும் பலன் வராதது மருந்த தேர்ந்தெடுத்த இடத்துலயே தீர்மானமாகி இருக்கும். லெவோஃப்ளாக்ஸசின் கிட்டத்தட்ட முழுசா உறிஞ்சப்படுது, ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் ஏற்கனவே. மெட்ரோனிடசோலும் நல்லாவே உறிஞ்சப்படும். அசித்ரோமைசினோட அரை ஆயுள் 68 மணி நேரம். ரத்த லெவலுக்காக இதுங்கள வயித்துல தங்க வைக்க காரணமே இல்ல, வயித்துக்குள்ளயே பைலோரிய அடிக்கணும்னா மட்டும் பேசலாம். அமாக்ஸிசிலின் சிறுகுடலோட மேல் பகுதில, ஒரு அளவுக்கு மேல தாங்காத ட்ரான்ஸ்போர்ட்டர் (மருந்த குடல் சுவர் வழியா ஏத்தி விடற புரதம்) வழியா உள்ள போகுது, ஒரேயடியா கொட்டினா வீணாகும், கீழ போய் வெளிய வந்தாலும் வீணாகும், மேல உக்காந்து கொஞ்சம் கொஞ்சமா விட்டா பலன் உண்டு. சிப்ரோவும் மேலதான் நல்லா உறிஞ்சப்படும், ஆனா பழைய பேப்பர்ல எல்லாரும் பண்ணி இருக்காங்கன்னு இப்பவும் அதையே எடுக்கறவங்க 2016-ல எஃப்டிஏ சொன்னத படிச்சுடுங்க, சாதாரண யூரினரி இன்ஃபெக்ஷனுக்கு வேற மருந்து இருக்கும்போது ஃப்ளூரோகுயினலோன் (சிப்ரோ இந்த குடும்பம்தான்) வேணாம்னுதான் சொன்னாங்க, தசைநாண், நரம்பு பாதிப்பு ஆபத்த வச்சு.

ஆன்டிபயாடிக்ல மட்டும் கூடுதலா பாக்க வேண்டிய ஒண்ணும் இருக்கு, ரிலீஸோட வால். சுகர் மாத்திரைல கடைசி 20 சதவீதம் இழுத்துட்டே வந்தா பெரிய நஷ்டம் இல்ல. ஆன்டிபயாடிக்ல கொல்ற அளவுக்கு கீழ, சும்மா சீண்டற அளவுல மணிக்கணக்கா மருந்து இருந்தா தப்பிச்ச கிருமிங்க மட்டும் பெருகும். அதனால ட்ரயல் பேட்ச்ங்கள ஒப்பிடும்போது 12 மணி நேர மொத்த சதவீதத்த மட்டும் பாக்காம, கடைசி நாலு மணி நேரத்துல மணிக்கு எத்தன மி.கி. வருதுன்னு டேபிள்ல தனியா ஒரு வரிசை போடுங்க. அந்த ரேட்ட மருந்தோட க்ளியரன்ஸால (உடம்பு மருந்த வெளியேத்தற வேகம்) வகுத்தா ரத்தத்துல தோராயமா என்ன லெவல் நிக்கும்னு தெரியும் (எவ்வளவு உறிஞ்சப்படும்ன்றதயும் பெருக்கிக்கோங்க), அது நீங்க குறி வச்ச கிருமியோட எம்ஐசி-க்கு மேல இருக்கா கீழ இருக்கான்னு பக்கத்துலயே எழுதிடுங்க. கீழ இருந்தா பாலிமர குறைச்சு ரிலீஸ 8 மணி நேரத்துல முடிச்சுட்டு ரெண்டு வேளையா கொடுக்கற டேப்லெட்டா மாத்துங்க, ஒரு நாளைக்கு ஒண்ணுன்ற டைட்டில் போனாலும் பரவால்ல.